ஐந்தாம் பத்திக்கு ஒரு தலைப்பு

மாதனூரிலிருந்து காலை ஏழேகாலுக்கு ஆம்பூருக்குக் கிளம்பும் ஷூ கம்பெனி பஸ்ஸில் பாரதி எப்போதும் பின்பக்கம் உட்காருவாள். அவளுடைய அம்மா கோவிந்தம்மாள் முன்பக்கம், அப்பர் செக்‌ஷன் பெண்களோடு. வீட்டிலிருந்து சேர்ந்து நடந்து வருகிற இரண்டு பேரும் பஸ் படி ஏறியதும் வேறு வேறு ஆட்களாகிவிடுவார்கள். அம்மா ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவி ஓரம் மடிக்கிறவள். மகள் வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, அதே கம்பெனியின் லேப்பில் தோலைச் சோதிக்கிறவள். தோலை மெஷினில் மாட்டி ஐம்பதாயிரம் தடவை மடக்கி, விரிசல் விட்டதா என்று பார்ப்பாள். ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பாள். பார்த்ததை இங்கிலீஷில் எழுதுவாள்.

இந்த இரண்டு வேலையும் ஒரே காரணத்தால் வந்தவை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கம்பெனிக்குச் சொந்தமான தோல் பதனிடும் ஆலையில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஓர் ஆளை இறக்கினார்கள். இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவர் பாரதியின் அப்பா முனிரத்தினம். முனிரத்தினத்தைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். மூன்று பேரில் ஒருவரும் உயிரோடு மேலே வரவில்லை. பாரதிக்கு அப்போது பதினெட்டு வயது. கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பதினைந்தாம் நாள் காரியம் முடிந்த கையோடு அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். படிப்பு முடிந்ததும் மகளுக்கும் கொடுத்தார்கள். ஊரில் அதைப் பெரிய மனசு என்று சொன்னார்கள். பெரிய மனசுக்கு எதிரில் வாயைத் திறக்க முடியாது என்பதை அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளாமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு நாள், பர்சனல் மேனேஜர் மக்பூல் அகமது பாரதியையும், லேப்பில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்த கௌதமையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இங்கிலாந்திலிருந்து இவர்களிடம் ஷூ வாங்கும் ஒரு பையர், தன்னுடைய பரிசோதனைக் கூடத்துக்கு இங்கேயிருந்து ஓர் ஆளை இரண்டு வருஷத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"லேப் வேல உங்களுக்கு நல்லாவே தெரியும். அதுல ஒண்ணும் பேஜாரு இல்ல. ஆனா ஐஇஎல்டிஎஸ்னு இங்கிலீஷ் பரீட்ச எழுதணும். நாலு பார்ட்ல எதுலயும் ஒம்பதுக்கு ஆறரைக்குக் கம்மியா இருந்தா எடுக்க மாட்டாங்க. கம்பெனி ஒரு தடவ ஃபீஸ் கட்டும். ரெண்டு பேரும் எழுதுங்க. யாரு கிளியர் பண்றீங்களோ, அவங்க இன்டர்வியூவுக்கு."

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது கோவிந்தம்மாள் அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை. "போய்டு" என்றாள். "எழுதி பாஸ் பண்ணிட்டுப் போய்டு. இந்த பஸ்ஸு உனக்கு வாணாம். என்னோட போவட்டும்."

வேலூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. நடத்துகிறவர் ரஃபத் ஜஹான். ஆம்பூர்க்காரர், பதினைந்து வருஷம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்துவிட்டு வந்தவர். உயரமாக இருப்பார், வேகமாகப் பேசுவார், மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே போர்டில் எழுதுவார். வகுப்பில் பாதிப் பேர் நர்சுகள், மீதிப் பேர் மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள். ஷூ கம்பெனியிலிருந்து வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

எழுதுவதிலும் பேசுவதிலும் கேட்பதிலும் பாரதிக்குத் தொந்தரவு இல்லை. படிப்பதில் வந்தது வினை. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு கேள்வியில். ஒரு நீளமான கட்டுரை கொடுப்பார்கள். அதில் ஆறேழு பத்திகள். பக்கத்தில் ஒன்பது பத்துத் தலைப்புகள். எந்தப் பத்திக்கு எந்தத் தலைப்பு என்று பொருத்த வேண்டும். பார்ப்பதற்குச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். நல்ல மார்க் வாங்குகிறவர்களெல்லாம் அங்கேதான் சறுக்கி விழுந்தார்கள்.

பாரதிக்கு ஒரு குணம். கையில் எது கிடைத்தாலும் முழுக்கப் படித்தாக வேண்டும். பசை டின்னோடு வரும் எச்சரிக்கைத் தாளைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் மடிப்பாள். கட்டுரை தேனீயைப் பற்றியது என்றால் அவள் தேனீயோடேயே போய்விடுவாள். பனிப்பாறையைப் பற்றியது என்றால் பனிப்பாறையில் நின்றுவிடுவாள். இருபது நிமிஷத்தில் முடிக்க வேண்டியதை முப்பத்தைந்து நிமிஷம் படித்து, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தேனீ எப்படி ஆடி வழி சொல்லும் என்று கதை சொல்வாள். மார்க் மட்டும் வராது.

"பாரதி, நீ இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று மூன்றாவது வாரம் ரஃபத் ஜஹான் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"படிக்கிறேன் மிஸ்."

"அதான் தப்பு. இங்க யாரும் படிக்க வரல. தேட வந்திருக்கீங்க."

வகுப்பு சிரித்தது. ரஃபத் ஜஹான் சிரிக்கவில்லை. போர்டுக்குப் போய் ஒரு பெட்டி வரைந்து உள்ளே வரி வரியாகக் கோடு போட்டார், அதுதான் பத்தி. அதன் மேல் இரண்டு கோட்டையும் கீழ் ஒரு கோட்டையும் தடிமனாக்கினார்.

"மொதல் ரெண்டு வரி, கடைசி வரி. நடுவுல இருக்கறத கண்ணால தடவிக்கினே போ. நடுவுல 'பட்', 'ஹவ்வெவர்'னு ஒரு 'ஆனால்' வந்துதுன்னா மட்டும் நில்லு. அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் சும்மா வழி விடறதுக்கு. அதுக்கு அப்பால சொல்றதுதான் விஷயம். தலைப்பு பத்திய விட எப்பவும் ஜாஸ்தியா இருக்கும். மிச்சம் இருக்கறது உன்னை ஏமாத்தறதுக்குன்னே வெச்சது. பத்தில இருக்கற அதே வார்த்தை தலைப்புலயும் இருந்தா சந்தோஷப்படாத, சந்தேகப்படு. ஒரே ஒரு வரிக்கு மட்டும் பொருந்தற தலைப்பு தலைப்பே இல்ல. அது டீடெய்ல். முழுப் பத்திக்கும் கூரை மாதிரி மேல நிக்கணும். ரெண்டு தலைப்பு அடிச்சிக்கிச்சின்னா ரெண்டையும் ஓரத்துல எழுதிட்டு அடுத்ததுக்குப் போ. அங்கயே குந்திக்காத. சின்னப் பத்திய மொதல்ல முடி. முடிச்ச தலைப்ப அடிச்சிடு. கடைசில மிஞ்சறது தானா வந்து உக்காரும்."

பாரதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டதை அடுத்த கட்டுரையில் மறந்தாள்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு. ரஃபத் ஜஹான் ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்தார். எங்கிருந்தோ இணையத்தில் எடுத்து நகல் போட்டது. கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததும் கௌதம் பாரதியைத் திரும்பிப் பார்த்தான். தென்னிந்தியாவின் தோல் தொழில்.

முதல் நான்கு பத்திகளும் பாரதிக்கு நன்றாகவே வந்தன. ஐந்தாவது பத்தி இப்படித் தொடங்கியது: சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தோல் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் சிலர் நச்சுவாயு தாக்கி இறந்தனர். அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்த வாக்கியம் 'ஹவ்வெவர்' என்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஆலைகள் வாயு அளக்கும் கருவிகளைப் பொருத்தின, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தன, தொட்டிக்குள் ஆளை இறக்குவதை நிறுத்தி இயந்திரத்தைக் கொண்டுவந்தன என்று ஆறு வாக்கியம் போயிற்று.

தலைப்புகளில் இரண்டு அடித்துக்கொண்டன. ஒன்று, உழைப்பவர்கள் கொடுத்த விலை. இன்னொன்று, பாதுகாப்பில் முன்னேற்றம்.

பாரதி முதலாவதைப் போட்டாள். யோசிக்கவே இல்லை.

விடை சொல்லும்போது ரஃபத் ஜஹான் கையைத் தூக்கச் சொன்னார். ஐந்தாம் பத்திக்கு முதல் தலைப்பைப் போட்டவள் அவள் ஒருத்திதான்.

"ஏம்மா அதப் போட்ட?"

"செத்துப்போனாங்கன்னு இருக்கு மிஸ்."

"எத்தனை வரில இருக்கு?"

"ஒரு வரி."

"மிச்சம் ஆறு வரி இன்னா சொல்லுது? எல்லாம் சரியாய்டுச்சின்னு சொல்லுது. அப்ப செத்தது இன்னா? டீடெய்ல். எக்ஸாம்பிள். கூரை எது? முன்னேற்றம்."

"ஆனா அந்த மாதிரி மீட்டர்லாம் எங்கயும் வெக்கல மிஸ். நான் பாத்திருக்கேன்."

"வெச்சிருக்கானான்னு உன்னைக் கேக்கல பாரதி. எழுதியிருக்கானான்னுதான் கேக்கறான். உனக்குத் தெரிஞ்சத வாசல்ல செருப்போட வுட்டுட்டு உள்ள வா. தெரிஞ்சவங்கதான் இதுல ஜாஸ்தி ஃபெயில் ஆவறாங்க. புரியுதா?"

புரிகிறது என்று பாரதி தலையாட்டினாள். சிவப்புப் பேனாவால் தன் விடையை அடித்துவிட்டுச் சரியானதை எழுதினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும் வரை கௌதம் அந்தத் தாளையே புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "மிஸ்ஸுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அப்டி பேசியிருக்க மாட்டாங்க" என்றான்.

"தெரிஞ்சிருந்தா? ஆன்சரு மாறிடுமா?"

அவளுக்கு அவன் மேல் கோபமில்லை. ரஃபத் ஜஹான் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் சொன்னது சரி. அந்தத் தாளைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரி. அதுதான் அவளைத் தின்றது.

அந்த வாரம் அவள் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். மதிய இடைவேளையில், வெட்டி மிச்சமான ஒரு தோல் துண்டை எடுத்துப் பத்தியின் நடுப்பகுதியை மூடினாள். மேல் இரண்டு வரியையும் கீழ் வரியையும் மட்டும் படித்தாள். தலைப்புப் பட்டியலைப் பார்க்காமல், பத்தியின் ஓரத்தில் தமிழில் இரண்டு மூன்று வார்த்தை எழுதினாள். எதைப் பற்றியது என்று எழுதவில்லை. தேனீ, பனிப்பாறை, தோல் என்று எழுதினால்தான் மனசு அதன் பின்னாலேயே போய்விடுகிறதே. பத்தி என்ன வேலை செய்கிறது என்று எழுதினாள். 'காரணம் சொல்லுது.' 'முன்னாடி சொன்னத மறுக்குது.' 'பழசு, புதுசு.' 'பிரச்சனை தீந்துச்சி.' அதற்கப்புறம் தலைப்புகளைத் திறந்து பார்த்தால், பாதித் தலைப்பு தானாக உதிர்ந்து விழுந்தது. மூன்றே வாரத்தில் ஏழுக்கு ஏழு எடுத்தாள். இருபது நிமிஷக் கட்டுரை பதினாறு நிமிஷத்தில் முடிந்தது.

கௌதமுக்கு அப்போதும் மூன்றும் நான்கும்தான் வந்துகொண்டிருந்தது. "எனக்கும் சொல்லிக் குடுக்கா" என்று கேட்டான். ஆம்பூர்க்காரனானாலும், சாயங்கால பஸ்ஸில் மாதனூர் வரை வந்து, பிறகு டவுன் பஸ் பிடித்துத் திரும்பிப் போனான். வழியெல்லாம் பாரதி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "அது இன்னான்னு பாக்காத கௌதம். அது இன்னா பண்ணுதுன்னு பாரு." தனக்குப் போட்டி என்று அவனை அவள் நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நினைத்தாள். ஆனாலும் கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கமின்மை அப்பாவிடமிருந்து வந்தது என்று கோவிந்தம்மாள் ஒரு தடவை வாய்விட்டே சொல்லியிருக்கிறாள், பாராட்டாக அல்ல.

ரஃபத் ஜஹான் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரதியே போர்டில் நின்று தன் முறையை விளக்கினாள். நர்சுகள் எழுதிக்கொண்டார்கள். கைதட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து, வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதையை எடுத்துப் பிரித்தவள், ஒவ்வொரு பத்தியிலும் முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் படித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் மூடி வைத்தாள். மூடிய பிறகுதான் தான் செய்தது புரிந்தது. மறுபடி திறந்து முதலிலிருந்து படிக்கப் பார்த்தாள். கண் தானாக வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று.

செப்டம்பரில் சென்னையில் பரீட்சை. கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். ஓரத்தில் கிறுக்க முடியாது என்பதால் கொடுத்த வெள்ளைத்தாளில் வரிசை எண் போட்டுத் தமிழில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது கட்டுரையில்தான் தலைப்புப் பொருத்தும் கேள்வி வந்தது. எதைப் பற்றிய கட்டுரை என்று வெளியே வந்து கௌதம் கேட்டபோது அவளுக்கு ஞாபகமே இல்லை. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு ரயில் பாதை.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. படிப்பதில் பாரதிக்கு ஏழரை. மற்ற மூன்றிலும் ஏழுக்குக் குறையவில்லை. கௌதம் படிப்பதில் ஆறில் நின்றுவிட்டான்.

மக்பூல் அகமது அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவர் கெட்டவர் இல்லை. நரைத்த தாடியும் தடித்த கண்ணாடியுமாக, ஆட்களின் பிள்ளைகள் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்றுகூட ஞாபகம் வைத்திருப்பவர். தொட்டியில் அந்தச் சம்பவம் நடந்த அன்று அவர் ஆலையில் சூப்பர்வைசராக இருந்தார்.

"மாஷா அல்லாஹ். பெரிய விஷயம்மா. இனிமே இன்டர்வியூ ஒண்ணுதான். அதுவும் சும்மா பேருக்கு" என்றவர், மேஜை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "அதுக்கு முன்னாடி ஒரு வேல. பையரு கேக்கறாங்க. ஆலையும் நம்மளது, ஷூவும் நம்மளதுன்றதால பத்து வருஷ சேஃப்டி ஹிஸ்டரி வேணுமாம். நம்ம ஆஃபீஸ்ல இப்போதைக்கு இங்கிலீஷ் உனக்குத்தான் சுத்தமா வருது."

படிவத்தில் தலைப்புகள் ஏற்கெனவே அச்சடித்திருந்தன. பயிற்சி. கருவிகள். விபத்துகள். திருத்த நடவடிக்கைகள். முன்னேற்றம். கீழே கட்டம் காலியாக இருந்தது. இந்தத் தடவை தலைப்பு கொடுத்தாயிற்று. பத்தியை அவள் எழுத வேண்டும்.

"பத்து வருஷம்னா அதுவும் வரும் சார்."

"வரும்மா. மறைக்கச் சொல்லல. ஒரு வரி எழுது. மூணு பேரு, இன்ன வருஷம்னு. மிச்சத்த அப்பால இன்னா இன்னா பண்ணோம்னு எழுது."

"தொட்டிக்கிட்ட மீட்டர் இருக்கா சார்?"

"ஒண்ணு வாங்கினோம். பீரோல இருக்கு. இருக்குல்ல? இருக்குன்னு எழுது."

பாரதி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். விபத்துகள் என்ற கட்டத்தில் தேதியைப் போட்டு, மூன்று பெயரையும் எழுதினாள். முதலில் இறங்கியவர் பெயர், பிறகு முனிரத்தினம், பிறகு மூன்றாமவர். இறங்கிய வரிசையில்.

மக்பூல் அகமது படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "பேரு வாணாம்மா. நம்பரு போதும். பேரு எழுதினா அவங்க போன் போட்டுக் கேப்பாங்க." பிறகு, "உங்கப்பாவ நான்தாம்மா வண்டில தூக்கிப் போட்டேன். என் சட்டையெல்லாம் அந்தத் தண்ணி. எனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும் என்பதும் பெயர் வேண்டாம் என்பதும் ஒரே ஆளிடமிருந்து வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பெயர்களை அழித்தாள். 'மூன்று ஊழியர்கள்' என்று போட்டாள். அடுத்த வாக்கியத்தை 'ஹவ்வெவர்' என்று ஆரம்பித்தாள். பிறகு ஆறு வாக்கியம் எழுதினாள். அச்சடித்து வந்ததைப் பார்த்தபோது எந்தப் பயிற்சித் தாளிலும் போடலாம் போல அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் இன்டர்வியூ, மக்பூல் அகமதின் அறையில், கம்ப்யூட்டர் திரையில். அவர் கேமராவில் தெரியாதபடி எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஐம்பது வயசுப் பெண்மணி ஒருவர், வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சோதனைகளைப் பற்றிக் கேட்டார். பாரதி தடையில்லாமல் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு, பாதுகாப்பு அறிக்கை மிகத் தெளிவாக இருந்தது, யார் எழுதினது என்று கேட்டார்.

நான்தான் என்றாள் பாரதி.

மூன்று பேர் இறந்ததாக எழுதியிருக்கிறீர்களே, என்ன நடந்தது?

பாரதி தயாராக வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் நிறுவனம் பல நடவடிக்கைகளை...

அதைப் படித்துவிட்டேன் என்று அந்த அம்மாள் குறுக்கிட்டார். குரலில் கடுமை இல்லை. என்ன நடந்தது என்றுதான் கேட்கிறேன்.

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூட. எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. பாரதி சொன்னாள். முதல் ஆள் இறங்கியது, மேலே நின்றவர்கள் கூப்பிட்டது, கீழேயிருந்து சத்தம் வராதது. கயிறு இல்லாதது. இரண்டாவது ஆள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியது. அந்த இரண்டாவது ஆள் என் அப்பா என்றாள். அவள் இங்கிலீஷ் அங்கங்கே இலக்கணம் தவறி நொண்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மீட்டர் எங்கே இருக்கிறது என்றும் சொன்னாள்.

மக்பூல் அகமது தலையைக் குனிந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்த பிறகு, "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார். துணிச்சலாகச் செய்த காரியம் இல்லை அது. கேட்டார்கள், வந்துவிட்டது.

நடக்க வேண்டியது வரிசையாக நடந்தது. பையர் ஆளனுப்பி ஆலையைப் பார்க்கும்வரை ஓர் ஆர்டர் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு லைனில் ஓவர்டைம் இல்லாமல் போயிற்று. அப்பர் செக்‌ஷன் பெண்கள் பஸ்ஸில் கோவிந்தம்மாளுக்கு இடம் போட்டு வைப்பதை நிறுத்தினார்கள். "உன் பொண்ணு வாயிதான் எங்க வயித்துல அடிச்சிச்சி" என்று ஒருத்தி நேராகவே சொன்னாள். அந்தப் பெண்ணின் கொழுந்தன்தான் தொட்டியில் மூன்றாவதாக இறங்கியவர்.

கோவிந்தம்மாள் அன்று சாயங்காலம் பையைக் கீழே வைக்காமலே வாசலில் நின்று கேட்டாள். "கம்முனு இருந்திருக்கலாம்ல? இன்னும் அஞ்சு நிமிசம். அஞ்சு நிமிசம் கம்முனு இருந்திருந்தா நீ போயிருப்ப. செத்தவரு எழுந்து வந்துட்டாரா? இல்ல, வந்துட்டாரா?"

"அவங்க கேட்டாங்கம்மா."

"கேட்டா? நான் ஒம்பது வருசமா கம்முனு இருந்தேனே, எதுக்கு? உன்ன வெளிய தள்றதுக்குத்தானே இருந்தேன்?"

அதற்குப் பிறகு அவள் மகளிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேச மாட்டாள்.

ஜனவரியில் பையரின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அதற்குள் மீட்டர் பீரோவிலிருந்து வெளியே வந்து தொட்டிக்கு மேல் சுவரில் ஏறியிருந்தது. பக்கத்தில் கயிறு, முகமூடி, தமிழிலும் இந்தியிலும் எச்சரிக்கைப் பலகை. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். ஆர்டர் திரும்பி வந்தது. பாரதியை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் பேச்சு வரும். லேப்பிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டியில் ஒட்டிய லேபிளும் உள்ளே இருக்கும் ஷூவின் சைசும் ஒன்றா என்று பார்க்கிற வேலை.

இங்கிலாந்துக்கு ஓர் ஆள் இன்னமும் தேவைப்பட்டது. கௌதம் இரண்டாம் தடவை எழுதியிருந்தான். படிப்பதில் ஆறரை வந்தது. தலைப்பு எல்லாம் சரியாகப் போட்டுவிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், பேக்கிங் பக்கம் வந்து அவளைப் பார்த்தான். பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "உன்னாலதான்கா பாஸ் பண்ணேன்" என்றான்.

"தெரியும்."

"கோவமாக்கா?"

"உம்மேல எதுக்கு?" என்றவள், கையில் இருந்த லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த மேடம் உன்னையும் கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி நடந்ததுன்னு சொன்னேன்."

அது உண்மைதான். அவன் சேர்ந்தே நாலு வருஷம்தான் ஆகிறது. "சரியாத்தான் சொன்ன" என்றாள் பாரதி. அவன் போன பிறகு, அன்று சாயங்காலம் வரை நூற்று இருபது பெட்டி பார்த்தாள். ஒன்றில்கூடத் தவறு இல்லை.

ரஃபத் ஜஹான் மார்ச் மாதம் போன் செய்தார். நடந்தது எல்லாம் கௌதம் மூலமாக அவர் காதுக்குப் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தலைப்புப் பொருத்தும் வகுப்பை மட்டும் நீ எடுக்கிறாயா என்றார். பாரதி எடுக்கிறேன் என்றாள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வேலூருக்குப் போய், முப்பது பேருக்கு முன்னால் நின்று, முதல் இரண்டு வரி, கடைசி வரி என்று சொல்லிக் கொடுக்கிறாள். அவளிடம் படித்தவர்களில் பதினோரு பேர் இதுவரை பாஸ் செய்துவிட்டார்கள். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று பெயர். சிரிக்க மாட்டாள் என்றும் பெயர்.

போன ஞாயிறு வகுப்பு முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வெயில் கூரைத் தகரத்தில் பட்டு வீடு கொதித்தது. கோவிந்தம்மாள் தட்டில் சோறு போட்டு முருங்கைக்காய்க் குழம்பு ஊற்றினாள். மகள் சாப்பிட ஆரம்பித்த பிறகும் எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவளாக வாயைத் திறந்தாள்.

"அந்த வெள்ளக்காரி," என்றாள். "உங்கப்பாவப் பத்தி நீ சொன்னியே. சொன்னதுக்கு அவ இன்னா சொன்னா?"

பாரதி கையை நிறுத்தினாள். "ஐயம் சாரின்னாங்க."

"அப்டின்னா?"

"வருத்தமா இருக்குன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்மா."

கோவிந்தம்மாள் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள். "இங்க ஒருத்தனும் அத சொல்லலியே" என்றாள். பிறகு கரண்டியை எடுத்து, கேட்காமலே மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.